அன்பளிப்பாக வந்த கண்ணாடித் தூள்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் மீனம்மா சிற்றூழியர். பதினாறு வருடமாக மலசலகூடம் கழுவுகிறவள். அந்த நாற்றமெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. அவளுக்குக் குமட்டலை வரவழைத்தது கொழும்புக் கம்பனியொன்று கொடுத்த கம்பியூட்டர்கள்தான்.

முதுகு பெருத்த பழைய பெட்டிகள், இருபத்திரண்டு. மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஷாமிலா டீச்சர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றுதான் வேலை செய்தன. மிச்சத்தைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அடுக்கச் சொன்னார் பள்ளி அதிபர் ஜெயகாந்தன்.

விடுமுறையில் யாரோ உள்ளே புகுந்து, செம்புக்காகப் பத்துப் பெட்டிகளை உடைத்து, வயர்களை அங்கேயே கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடிச் சில்லையும் சாம்பல் நிறத் தூளையும் மீனம்மா வெறுங்கையால் அள்ளினாள். கருகிய பிளாஸ்டிக் வாடை தலைமயிரில் ஏறிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாடை. விரலெல்லாம் தடித்துச் சிவந்தது, இருமல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினார்: "அதுல ஈயம் இருக்கும்மா. புள்ளைங்கள கிட்ட விடாதீங்க."

அதிபரிடம் போய்ச் சொன்னாள்.

"பேசாம மிச்சத்தையும் கொளுத்திருங்க மீனம்மா, சனியன் தொலையட்டும்."

"நான் கக்கூஸ் கழுவுறவ சார். அசிங்கம்னா என்னான்னு எனக்குத் தெரியும். இது அதைவிட அசிங்கம். கொளுத்த மாட்டேன்."

அடுத்த வருடம் அதே கம்பனி வேன், பழைய பிரிண்டர்களோடு வந்து நின்றது. மாலைகள் தயாராக இருந்தன. மீனம்மா வேனின் கதவை மறித்தாள்.

"எறக்காதீங்க. மொதல்ல போன தடவை கொண்டாந்ததை ஏத்துங்க."

"அம்மா, அது நாங்க அன்பளிப்பா குடுத்தது" என்றார் வேனில் வந்த கம்பனிக்காரர்.

"உங்க ஆபீசுக்கு வேணாம்னு ஒதுக்குன குப்பைய எங்க புள்ளைங்க தண்ணி குடிக்கிற எடத்துல கொட்டிட்டு, அதுக்கு மாலை வேறயா?"

முதல் பெட்டியைத் தூக்கி வந்தவள் ஷாமிலாதான். விழாவுக்கு வந்திருந்த பெற்றோரும் கை கொடுத்தார்கள். கம்பனிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். உடையாத ஒன்பதும் வேனில் ஏறின. உடைந்ததை மட்டும் அவர் தொடவே மறுத்துவிட்டார். "அது இப்ப வெறும் குப்பைதானே?" என்றார்.

அந்தச் சில்லும் தூளும் உரச் சாக்குகளில் கட்டி, பூட்டிய அறையில் கிடக்கின்றன. பிரதேச சபையில் கேட்டால், அதைப் போட இடமில்லை என்கிறார்கள். அதிபர் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விரல்கள் ஆறிவிட்டன, இருமல் போகவில்லை. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் மீனம்மா காறித் துப்புகிறாள்.