வேணும்னா போட்டுக்க

என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். மென்பொருட்களை இறக்கிப் பொருத்துவதற்கு அதில் ஒரு நிரல் இருக்கிறது. அதைப் போல விருந்தோம்பல் தெரியாத ஜந்துவை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் செய்தேன். முடிந்ததும் மகளின் காதுகுத்து அழைப்பிதழை அச்சடிக்கப் போனால் பிரிண்டரையே காணோம். அப்டேட் ஓடியபோது வந்த வரிகளைத் திரும்பத் தேடிப் பார்த்தேன். இதுவரை உள்ளேயே இருந்த அச்சு வேலையைப் புதிய பதிப்பில் தனி பேக்கேஜாகப் பிரித்துவிட்டார்களாம். "அச்சடிக்க இது தேவைப்படும், கட்டாயமில்லை" என்று நடுவில் ஒரு வரி. சொன்னதோடு சரி. போடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொப்பூரிலிருந்து வந்திருந்த மைத்துனன் பக்கத்தில் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததைச் சொல்லிப் பொருமினேன்.

"கொழம்பு அடுப்புல இருக்குது, வேணும்னா ஊத்திக்கன்னு சொல்லிட்டுப் போயி படுத்துக்கற மாதிரி இல்லீங்க இருக்குது! இதெல்லாம் ஒரு மொறையா?" என்று அவளும் கொதித்தாள்.

கொதித்த வேகத்தில் அடுத்த உருண்டையை எடுத்தாள். "போதுங்க்கா, சத்தியமா போதும்!" என்று மைத்துனன் தட்டை இரண்டு கைகளாலும் மூடினான். எங்கள் பக்கம் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் என்று பொருள். ஆவி பறக்கும் களி அவன் புறங்கை மேலேயே விழுந்தது.

கையை உதறிக்கொண்டே அவன் என் லேப்டாப்பை ஏக்கமாகப் பார்த்தான்.

"மாமா, இந்தக் கம்ப்யூட்டரு வூட்டுக்கு ஒருநாள் விருந்துக்குப் போலாங்களா?"