துண்டு போட்டுப் பிடித்த இடம்

சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. மதுரை ஸ்டேஷன்.

ஐந்து வருஷமாகச் சீசன் டிக்கெட்டில் சோழவந்தானிலிருந்து மதுரைக்கு வந்து போகிறவன் நான். பதின்மூன்று மைல். மூன்றாம் வகுப்பின் சுகத்தைக் கேட்காதீர்கள். பலகை, மூட்டைப்பூச்சி, குழாயைத் திறந்தால் காற்று. யுத்தத்தில் வண்டிகளைக் குறைத்த பிறகு உட்கார இடம் கிடைப்பதே ராஜயோகம். எனக்கு மட்டும் கிடைக்காமல் போனதில்லை. வண்டி நிற்குமுன்பே கம்பியில்லாத ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுவேன். துண்டு விழுந்த இடம் நம் இடம். அதை எடுத்துப்போட்டு உட்கார இந்தப் பக்கத்தில் ஒருத்தனும் துணியமாட்டான்.

அன்று காதுவலி என்று டாக்டரிடம் காட்ட என் மகள் வள்ளியையும் அழைத்து வந்திருந்தேன். ஐந்து வயது. இரண்டணாவுக்கு அரை டிக்கெட். ஊர் திரும்பும் வண்டி வந்தபோது வாசலில் ஈ நுழைய இடமில்லை. துண்டை வீசினேன். எல்லோரும் செய்வதுதானே என்று வள்ளியையும் தூக்கி ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"அண்ணே, பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க. வாசல் வழியா வாரேன்."

வெள்ளி மோதிரம் போட்ட ஒரு கை அவளை வாங்கிக்கொண்டது.

"துண்டு மேல உக்காந்துக்க. யாரு கேட்டாலும் எடத்தை விட்டுராத. விட்ட, தோலை உரிச்சுப்புடுவேன்!" என்று அவளை அதட்டிவிட்டு ஓடினேன்.

ஏற முடியவில்லை. கார்டு விசில் ஊதிவிட்டார். நாலு பெட்டி தள்ளி ஒரு வாசலில் தொற்றிக்கொண்டேன்.

இரண்டு ஐம்பது. பெட்டிக்குப் பெட்டி வழி கிடையாது. இனி சமயநல்லூரில்தான் நிற்கும். வைகைப் பாலத்தில் வண்டி தடதடத்தபோது, பிள்ளை ஜன்னலில் எட்டிப் பார்ப்பாளோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மனிதரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மோதிரம்தான் ஞாபகம் வந்தது, முகம் வரவில்லை. அவள் காதில் தங்கத் தோடு. அட பாவி, யாரென்றே தெரியாதவன் கையில் பெற்ற பிள்ளையைக் கொடுத்தாயே!

"என்னண்ணே, இம்புட்டு வேர்க்குது?" என்றார் பக்கத்தில் தொங்கியவர்.

விஷயத்தைச் சொன்னேன்.

"காலம் கெட்டுக் கெடக்குண்ணே" என்றார். நல்ல ஆறுதல்!

மூன்று இருபது, சமயநல்லூர். குதித்து ஓடினேன். அவ்வளவு நெரிசலிலும் என் துண்டின்மேல் ஒருவரும் உட்காரவில்லை. வள்ளி இல்லை. மோதிரக்காரரும் இல்லை.

"அவரு மதுரையிலயே எறங்கிட்டாரே" என்றார் எதிரே இருந்த அம்மாள். "அப்பன் ஏறலைன்னு, வண்டி நகரையிலயே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டாரு."

ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கப்பட்டு மதுரைக்குத் தந்தி அடித்தார். அப்படிக் குழந்தை எதையும் யாரும் ஒப்படைக்கவில்லை என்று பதில் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் அவள் அம்மாவிடம் என்னவென்று சொல்வேன்? எதிர்வண்டி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஐந்து மணி. மதுரை. நான் துண்டு வீசிய அதே இடத்தில், பிளாட்பாரத்துத் தரையில், அந்த மோதிரக் கை தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வள்ளி உட்கார்ந்திருந்தாள். காதில் தோடு இருந்தது.

"தேடி வந்தா இங்கனதானே வருவீக தம்பி? அதான் நகரலை" என்றார் அவர். அறுபது வயதிருக்கும். அவருடைய வண்டி போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

வள்ளியைத் தூக்கப் போனேன். அவள் வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு விம்மினாள்.

"எடத்தை விட்டுட்டேம்ப்பா. நான் விடலைப்பா, இந்தத் தாத்தாதான் தூக்கிட்டாரு. அடிக்காதீங்கப்பா."

மதியம் முழுக்க முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். பிள்ளை பயந்துகொண்டிருந்தது எனக்கு.

ஆறு மணி வண்டியில் யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார மனம் வரவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சோழவந்தான் வரை நின்றே போனேன்.