செவேரோவின் ஊதாக் கோட்டு

என் அண்ணன் ஜெனிவாலுக்கு முதல் அடி ஒரு மீனால் விழுந்தது.

புதன்கிழமைச் சந்தை எங்கள் தெருவில்தான் கூடும். அன்று காலை அவன் மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தான். பல வருட வாடிக்கைக்காரியான சுலெய்ஜி அம்மா, தராசில் கிடந்த ஒரு முழு மடவையை வாலைப் பிடித்துத் தூக்கி அவன் முகத்தில் அறைந்தாள்.

"அந்தப் பச்சப் புள்ளையக் கார்ல ஏத்திட்டுப் போனியே, நீ மனுசனாடா?"

"அம்மா, அது நாடகம். நான் ஜெனி. போன வாரம்கூட உங்களுக்கு ரெண்டு மத்தி சும்மா போட்டேனே!"

"போடுவே, போடுவே. அவளுக்குக்கூட நீ சாக்லேட் வாங்கிக் குடுத்தேல்ல?"

மூக்கில் வழிந்த ரத்தத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. "தங்கச்சி, நம்பிட்டாங்கடி!"

ரியோவின் வடக்குப் புறநகரில் அந்த வருடம் 'வெளிச்ச மேடை' தொலைக்காட்சித் தொடரைப் பார்க்காத வீடு இல்லை. மாடலாக வேண்டும் என்று நகரத்துக்கு வந்த பதினாறு வயதுப் பெண் ஜசியாராவின் கதை. பகலில் அவள் உடை அணிந்து மேடையில் நடப்பாள். இரவில் ஏஜென்சியின் டிரைவர் செவேரோ அவளைப் பணக்காரர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய் விடுவான். எங்கள் பங்குக் கோயிலின் பாடுகள் நாடகத்தில், ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக அண்ணன் நடித்ததை யாரோ பார்த்துவிட்டு அழைத்ததால் கிடைத்த வேடம் அது. முதலில் இரண்டே காட்சிகள்தான். ஆனால் கார்க் கதவைப் பூட்டிவிட்டு, கண்ணாடி வழியே பின்னால் பார்த்து, "அழாத கண்ணு, மை கலஞ்சிடும்" என்று அவன் சொன்ன விதத்தில் ஊரே கொதித்துப்போனது. தொடர் ஓடும்போதே எழுதப்படும் கதை என்பதால், ஊர் வெறுக்க வெறுக்க செவேரோவுக்குக் காட்சிகள் கூடின.

அடிகளும் கூடின. பேருந்தில் ஒருத்தி சுடுகாப்பியை அவன் கழுத்தில் ஊற்றினாள். ரயில் நிலையப் படியில் யாரோ பின்னாலிருந்து உதைத்ததில் பல் ஒன்று போனது. ஒரு சந்தை நாளில் ஐஸ் பெட்டியோடு கடையையே கவிழ்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் சிதறிய இறால்களைப் பொறுக்கியபடியே, "விட்டுடுண்ணே, உயிருக்கு ஏதாவது ஆயிடும்" என்றேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கடி. அன்னிக்கு செவேரோ சாகுற சீன் எடுக்குறாங்க. அவன் செத்துட்டா ஊருக்குக் கோவம் அடங்கிடும். நானும் பழைய ஜெனி ஆயிடுவேன். அதோட, இப்படி ஒரு சாவு எந்த நடிகனுக்குக் கெடைக்கும் சொல்லு!"

அந்த வாரம் முழுக்க எங்கள் சமையலறையில் அவன் செத்துக்கொண்டே இருந்தான். குண்டு பட்டதும் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கி, மெல்ல மெல்லச் சரிவான். "படார்னு விழுந்தா பொய்யாயிடும். ஒடம்பு ஒவ்வொரு எடமா விட்டுக்குடுக்கணும்." தரையில் கிடந்தபடியே, "பீன்ஸ் தீயுது, பாரு" என்பான்.

அந்தத் திங்களுக்கு முந்தைய சனி, ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனி.

பெரிய சனியன்று எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் யூதாஸ் பொம்மை தொங்கும். வைக்கோலும் கந்தலும் திணித்து, அந்த வருடம் யார்மேல் ஊருக்குக் கோபமோ அவர் முகத்தை வரைந்து, வெடி வெடித்து, கட்டையால் அடித்துக் கிழித்து, கடைசியில் கொளுத்துவார்கள். இந்த முறை பொம்மைக்குச் செவேரோவின் மீசை. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. படப்பிடிப்பில் போடும் ஊதாக் கோட்டை அணிந்துகொண்டு, தெருவுக்குக் கும்பிடு போட்டபடி இறங்கினான். நான் மாடி ஜன்னலில் நின்றேன்.

"அட, ரெண்டு யூதாஸ்! எதை மொதல்ல அடிக்கிறது?" என்று யாரோ கத்த, தெரு சிரித்தது.

"கோட்டை அதுக்கே போட்டு விடுங்கப்பா, அப்பதான் பொருத்தமா இருக்கும்" என்று அவன் கோட்டைக் கழற்றப் போனான்.

"ஜெனி, ஒரு தடவ அதச் சொல்லுடா! ஒரே ஒரு தடவ!"

பக்கத்து வீட்டு ஒடயிர் கூட்டத்தின் முன்வரிசையில் இரும்புக் குழாயோடு நின்றான். வெல்டிங் வேலைக்காரன், அண்ணனோடு ஞாயிறுதோறும் பீர் குடிக்கும் சிநேகிதன். போன வருடம் அவன் மகள் கெசியாவை மாடல் ஏஜென்சிக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அழைத்துப்போனான். அவளைத் தேடி இரவெல்லாம் மீன் வண்டியை ஓட்டியவன் என் அண்ணன்தான். பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்து, போர்வையால் சுற்றித் தூக்கி வந்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவள் வாசலுக்கே வந்ததில்லை. அன்று வந்து, அப்பாவின் பின்னால் நின்றாள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தை நோக்கித் தலையைச் சாய்த்து, செவேரோவின் குரலில் சொன்னான்: "அழாத கண்ணு, மை கலஞ்சிடும்."

கெசியா அலறினாள். ஒடயிர் குழாயை ஓங்கி அண்ணனின் தலையில் அடித்தான்.

"அடி! அப்படித்தான்! போடு!" கூட்டம் கைதட்டியது. அதுவும் அவன் காட்டும் நடிப்பு என்று நினைத்தார்கள். கட்டைகளோடு காத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். விலாவில், முதுகில், தரையில் ஊன்றிய கைகளில் அடிகள் விழுந்தன. "செவேரோ, இந்தா வாங்கிக்க!" ஒருவன் பொம்மையை ஓர் அடி, அண்ணனை ஓர் அடி என்று மாறி மாறி அடித்தான். நான் ஜன்னலிலிருந்து கத்தியது வெடிச் சத்தத்தில் கரைந்தது. நான் படியிறங்கி வந்து சேர்ந்தபோது, ஒருவர் பின் ஒருவராகக் கட்டைகளைக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதாக் கோட்டு கறுத்திருந்தது. ஒடயிர் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான். அடித்தபடியே அழுதான். "ஜெனி, எந்திரிடா, ஜெனி" என்றும் சொன்னான்.

மேலே பொம்மை பாதி கிழிந்து தொங்கியது. அந்த வருடம் அதை யாரும் கொளுத்தவில்லை.

சவ அடக்கத்துக்கு, ஜசியாராவாக நடித்த பெண் வந்தாள். பதினேழு வயது. மூடிய பெட்டியின் மேல் தலை வைத்து அழுதாள். சுலெய்ஜி அம்மா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

"போதும்டி செல்லம். இனிமே உன்னை எவனும் கார்ல ஏத்த மாட்டான்."

அந்தப் பெண் கிழவியின் கைகளை விலக்கினாள். "மாமா எனக்கு வீட்லருந்து மீன் பொரிச்சுக் கொண்டாருவாரு" என்றாள். "அந்தக் கதவப் பூட்டுற சீனு ஒவ்வொண்ணும் முடிஞ்சதும், பயந்துட்டியாம்மான்னு கேப்பாரு."

சுலெய்ஜி அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செவேரோவின் சாவை வேறொருவனை வைத்து எடுத்தார்கள். முதுகு மட்டும்தான் தெரியும். புதிதாகத் தைத்த ஊதாக் கோட்டு. ஒளிபரப்பான இரவில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடியது. ஒடயிர் சிறையில் இருந்தான். அவன் வீட்டில் மட்டும் விளக்கு இல்லை.

குண்டு பாய்ந்தது. அந்த மனிதன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கி, மெல்ல மெல்லச் சரிந்தான். அண்ணன் சமையலறையில் ஒத்திகை பார்த்தது போலவேதான். இயக்குநருக்கு அவன் ஏற்கெனவே நடித்துக் காட்டியிருப்பான் போலிருக்கிறது.

அடுத்த தெருவில் யாரோ வெடி வைத்தார்கள். எங்கள் தெருவில் யாரும் வைக்கவில்லை.

குழாய் பட்ட அந்தக் கணத்தில், என் அண்ணன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. படாரென்றுதான் விழுந்தான்.