கிடாரம் நிறைந்த நாள்

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் நான் பஸ் ஏறும் தரிப்பிடத்துக்கு முன்னால், தெருவோர வடிகாலின் இரும்புக் கம்பி மூடிக்குப் பக்கத்தில், மஞ்சள் பெயின்ரால் ஒரு மீன் வரைந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைவேலை. வால் பெருத்து, கண் நெற்றிக்கு ஏறிய மீன். இதற்குள் ஊற்றுவது நேரே ஓடைக்குப் போகிறது, ஓடையில் உயிர்கள் இருக்கின்றன என்பது அதன் பொருள். வந்த புதிதில் அது ஏதோ மீன்கடைக்கு வழிகாட்டும் குறி என்று நினைத்து, அது பார்த்த திசையில் கொஞ்சத் தூரம் நடந்தும் இருக்கிறேன். கடை வரவில்லை. பனிதான் வந்தது. இப்போது என் வேலையே ஏறக்குறைய அந்த மீனுக்கு மறுமொழி எழுதுவதுதான்.

ஸ்காபரோவில், தட்டையான கூரைகள் வரிசையாய்க் கிடக்கும் தொழிற்சாலைத் தெரு ஒன்றில், மரத்தளங்களுக்குப் பூசும் பளபளப்புப் பூச்சுச் செய்கிறோம். முதலாளி ராசன் அண்ணை. பிக்கரிங்கில் வீடு, யாழ்ப்பாணத்தில் பிறப்பு, இரண்டுக்கும் நடுவில் பல ஆண்டுகளாக இந்தத் தொழிற்சாலை. அத்தனை ஆண்டும் பிறர் கண்டுபிடித்ததை வாங்கி, கலக்கி, ரின்னில் அடைத்து விற்றவர். அவருக்கென்று ஒரு பொருள் இருந்ததில்லை. போன வருடம்தான், நானும் அவரும் ஆய்வுமேசையில் பல நாள் மாரடித்ததில், தண்ணீரில் கரையும் புதுப் பிசின் ஒன்று கைகூடியது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி நின்றது. ராசன் அண்ணை அதைப் பூசிய பலகைத் துண்டைக் காரில் வைத்துக்கொண்டு திரிந்தார். கல்யாண வீடுகளில்கூட எடுத்துக் காட்டினார். "என்ரை சாமான்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. முன்பு இங்கே இல்லாத இரசாயனப் பொருள் ஒன்றை ஓர் அளவுக்கு மேல் செய்வதானால், செய்வதற்கு முன்பே அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தலைநகர் ஒட்டாவாவில் சிலர் இருந்து அதைப் படிப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் எவ்வளவு காலம் கிடக்கும், மீனின் கொழுப்பில் சேருமா, அதைக் கிளறுகிறவரின் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நீர்த்தெள்ளு என்றொரு பூச்சி, உப்புக்கல்லை விடச் சிறியது. அதைக் கண்ணாடிக் குவளையில் விட்டு, எங்கள் பிசினைக் கரைத்து ஊற்றி, அது நீந்துகிறதா கிடக்கிறதா என்று பார்த்த அறிக்கையும் அனுப்பினோம். அவர்களின் ஆய்வுக் காலம் முடியும்வரை கிடாரம் சும்மா இருக்க வேண்டும். கிடாரம் என்பது ராசன் அண்ணை வைத்த பெயர். கிளறி என்ற சுழல்தண்டும் சூடேற்றும் கருவியும் பொருத்திய பெரிய இரும்புக் கொள்கலம் அது. கோயில் அன்னதானத்துப் பாத்திரத்தின் சாயல் அதில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீர்த்தெள்ளின் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்த பின்னேரம் எனக்கு ஒரு சோதனைச்சாவடி ஞாபகத்துக்கு வந்தது. ஊரில் சண்டை நடந்து, யூரியாவுக்கும் பற்றறிக்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த காலம். நான் இரசாயனம் படிக்கிற மாணவன். அமிலமா காரமா என்று காட்டிக்கொடுக்கும் நிறமற்ற திரவம் ஒன்றைச் சின்னப் போத்தலில், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். என்ன இது என்றான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மருந்து என்றேன். அப்படியென்றால் குடி என்றான். குடித்தேன். நான் விழாததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அந்தக் காலத்தில் அதைப் பேதி மருந்தாகவும் கொடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அங்கே ஒரு பொருளின் பாதுகாப்பை அறிய, கொண்டுவந்தவன் குடிக்க வேண்டியிருந்தது. இங்கே எனக்குப் பதிலாக ஒரு பூச்சி குடித்தது. எது நியாயம் என்று அந்தப் பூச்சியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சிக்கல் ஒட்டாவாவிலிருந்து வரவில்லை. தமிழ்க்கடையில் பொங்கலுக்கு இலவசமாகக் கொடுத்த கலண்டரிலிருந்து வந்தது.

"எப்ப முடியும் அவையின்ரை ஆராய்ச்சி?" என்று கேட்டார் ராசன் அண்ணை.

"மார்கழி நடுவிலை, அண்ணை."

"மார்கழியிலை ஆரடாப்பா தொழில் தொடங்குறது? ஒட்டாவாக்காரருக்கு ஒரு கலண்டர் வாங்கி அனுப்பு."

"தை பிறக்கட்டும். பொங்கிப்போட்டுத் தொடங்குவம்."

"தையிலை எனக்கு அட்டமத்துச் சனி தொடங்குது, கவிஞரே. உமக்கென்ன, பேப்பரும் பேனையும் காணும்."

நான் வசனமாய்க் கவிதை எழுதுவது அவருக்கு வாய்ப்பான பகிடி. கோபம் வந்தால்தான் கவிஞர். மற்ற நேரம் தம்பி. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சிறிய அளவில் செய்து பார்க்க யாரையும் கேட்கத் தேவையில்லை, சட்டமே விட்டுவைத்திருக்கிறது. ஆகவே கார்த்திகையில் ஒரு நல்ல நாளில், அந்த அளவுக்குக் கீழே, ஒரு பேருக்குத் தொடங்குவது. சட்டத்துக்கும் சரி, சாமிக்கும் சரி என்று எனக்குப் பட்டது.

அன்று பனி கொட்டியது. பஸ் பிந்தியது. நான் போய்ச் சேரும்போது கிடாரத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். வாசலில் உடைத்த தேங்காய். கற்பூரத்தை மட்டும் உள்ளே கொளுத்த விடாமல், கணக்கு வழக்குப் பார்க்கும், ராசன் அண்ணையின் மகள் அபி கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பியிருந்தாள். ஏறி எட்டிப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை, பால் நிறத்தில், பிசின் சுழன்றுகொண்டிருந்தது.

"என்னண்ணை இது? அளவு சொன்னனான் எல்லே?"

"சொன்னனீ. ஊத்திப் பாத்தன். அடியிலை கிடந்துது, கிளறிக்கும் எட்டேல்லை, கண்ணுக்கும் எட்டேல்லை. அரைக் கிடாரத்திலை ஆரேன் பொங்குவினமே? பாக்கவே தரித்திரமாக் கிடந்துது. நிரப்பிப்போட்டன்."

"ஐ டோல்ட் ஹிம், அங்கிள்," என்றாள் அபி. "அப்பா, திஸ் இஸ் லிட்டரலி இல்லீகல் எண்டு சொன்னனான். நல்ல நேரம் முடியப் போகுது, தள்ளி நில் எண்டிட்டார்."

அளவைத் தாண்டிச் செய்துவிட்டால் அனுமதியே இல்லாமல் போகலாம், தொழிற்சாலையையும் தோண்டிப் பார்ப்பார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் அவருடைய முகம் மாறியது. நெற்றித் திருநீற்றைத் துடைக்காமல் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"அப்ப என்ரை சாமான் போச்சோ?"

கிளறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சில நாளில் ஒட்டாவாவிலிருந்து கேள்விகள் வந்தன. எங்கள் பொருளைப் படித்தவர் கேத்தரின் என்ற பெண். கிடாரத்தைக் கழுவும் தண்ணீர் எங்கே போகும்? கழுவுகிறவர் என்ன அணிந்திருப்பார்? முன்பு சொன்னவற்றில் ஏதும் மாறியிருக்கிறதா?

"கேட்டதுக்கு மட்டும் எழுது. மிச்சத்துக்கு வாயைத் திறக்காதை," என்றார் ராசன் அண்ணை. நானும் அப்படித்தான் வளர்ந்தவன். அதிகாரியிடம் கூடுதலாக ஒரு சொல் சொன்னவனை வரிசையிலிருந்து தள்ளி நிறுத்துவதைக் கண்டிருக்கிறேன். பிறகு அவன் வீட்டார் வந்து தேடுவதையும் கண்டிருக்கிறேன். மௌனம் எங்களுக்குக் கோழைத்தனமல்ல, ஓர் உடுப்பு. ஆனால் தோளில் துவக்கு மாட்டாமல் கேட்கிற ஆட்களுக்கு முன்னால் அந்த உடுப்போடு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. மறுமொழியை எழுதினேன், அழித்தேன். கோப்பி ஆறியது.

மத்தியானம் ராசன் அண்ணை வந்து எனக்கு முன்னால் இருந்தார். கேள்விகளை அபி அவருக்கு வாசித்துச் சொல்லியிருந்தாள்.

"கழுவுறவன் என்ன போட்டிருப்பான் எண்டு கேட்டிருக்குது எல்லே அந்தப் பிள்ளை?"

"ஓம்."

"வந்த புதிசிலை நான் ஒரு பெயின்ற் கொம்பனியிலை டாங்கிக்குள்ளை இறங்கிக் கழுவினவன், தம்பி. துணியை மூக்கிலை கட்டிக்கொண்டு. பின்னேரம் தலை சுத்தும். பஸ்சிலை ஒருத்தரும் பக்கத்திலை இருக்காயினம். என்ன போட்டிருக்கிறாய் எண்டு ஒரு நாய் கேக்கேல்லை. இது கேக்குது. இதுக்குப் பொய் சொல்லேலாது. போனைப் போடு."

போட்டேன். சட்டம் விட்டுவைத்த அளவைத் தாண்டி, காலம் முடியுமுன், ஒரு கிடாரம் நிறையச் செய்துவிட்டோம் என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"சிறிய அளவில் உங்கள் கிளறி வேலை செய்யாதா?" என்றாள் கேத்தரின்.

"சரியாகச் செய்யாது. ஆனால் காரணம் அதுவல்ல. முதல் நாள். நிறைவாகத் தொடங்க வேண்டும்."

"அது தரக்கட்டுப்பாட்டின் ஒரு படியா?"

"ஒரு வகையில்."

"எந்த ஆவணத்தில் இருக்கிறது?"

"கலண்டரில்."

"அதன் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா?" அவள் பகிடி விடவில்லை. கார்த்திகை மாதத் தாளை, சுபநேரமும் ராகுகாலமும் மொழிபெயர்த்து அனுப்பினோம். ஒட்டாவாவில் ஏதோ ஒரு கோப்பில் இன்றும் அது இருக்கும்.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். கழுவிய தண்ணீர் எந்த வடிகாலுக்குப் போனது? அதை நானே விசாரித்திருக்கவில்லை. திரும்பி ராசன் அண்ணையைக் கேட்டேன்.

"வடிகாலோ? விசரே உனக்கு?" என்றார். "பூசை வைச்ச கிடாரம் கழுவின தண்ணி. அதைக் கொண்டுபோய் ஆக்கள் மிதிக்கிற இடத்திலை ஊத்துவனே? பெரலிலை அடைச்சுப் பின்னுக்கு வைச்சிருக்கிறன்."

ஒரு சொட்டும் வெளியே போகவில்லை என்று கேத்தரினுக்குச் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுடைய மூச்சு இறங்குவது ரெலிபோனில் கேட்டது. எந்தப் பழக்கம் எங்களைக் குழியில் தள்ளியதோ, அதுவே கையைக் கொடுத்துத் தூக்கியும் விட்டது. அதற்காக அதைக் கும்பிடுவதா கோபிப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

எச்சரிக்கை வந்தது. ஆய்வு நீண்டது. மார்கழி போய், தையும் போனது. மாசியில், கழிவைத் தண்ணீரில் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு, பிசினைச் செய்யலாம் என்று சொன்னார்கள். ஆனால் முந்திச் செய்த அந்த ஒரு கிடாரம் பிசின் மட்டும் கணக்கில் சேராது. விற்கவும் கூடாது, கரைத்து வேறெதிலும் கலக்கவும் கூடாது. அனுமதி பெற்றவர்கள் வந்து எடுத்துப்போய் எரிப்பார்கள். ராசன் அண்ணை தலையாட்டினார்.

லொறி வந்த காலையில் வெயில் இருந்தது, சூடு இல்லை. சாரதி பெரிய வெள்ளைக்காரன், தாடியில் பனி. பிசின் அடைத்த பெரல்களை ஒவ்வொன்றாக உருட்டி ஏற்றினான். கடைசிப் பெரலுக்குக் கிட்ட ராசன் அண்ணை போய்க் குனிந்தார்.

"ஒழுகுகிறதா, சேர்?" என்றான் அவன்.

"நோ, நோ."

"வெறுங்கையால் தொடாதீர்கள்." தன் பையிலிருந்து ஒரு சோடி நீலக் கையுறையை எடுத்து நீட்டினான். ராசன் அண்ணை அதை வாங்கினார். விரல் விரலாக இழுத்து, ஒழுங்காக, மணிக்கட்டு மூடும்வரை போட்டுக்கொண்டார். பெரலின் மூடியை ஒருமுறை தொட்டார். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றப் போனவர், பாதியில் நின்றார். அதிலே என்ன இருக்கிறதென்று இந்த உலகத்தில் அவருக்குத்தானே நன்றாகத் தெரியும். கையைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, மற்றக் கையையும் அதனோடு சேர்த்தார்.

சாரதி ஏதும் விளங்காமல் தொப்பியைக் கழற்றினான். லொறி தெருவில் திரும்பும்வரை அந்த நீலக் கைகள் கூப்பியபடி இருந்தன.