தானாக வந்த இறால்கள்

அந்தக் காலையில் ஓடைக்கரைக்கு ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. பாலிக் புலா என்ற ஊரில், சித்தப்பாவின் கோழிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஓடையில், இறால்கள் தாமாகவே கரையோரம் ஏறிக்கொண்டிருந்தன. வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், குனிந்து அள்ளினால் போதும். நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணப் பொறுமை இல்லை.

அந்த வருடம் சித்தப்பா தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். விரத நாட்களில் கவுச்சியைத் தொடாமல் இருப்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். சித்தப்பா அதோடு நிற்காமல், தைப்பூசம் முடியும்வரை ஒரு கோழியைக்கூட வெட்டுக்கு விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். கோழி வாங்க லாரியில் வந்த தவுக்கே, அந்தச் சீன முதலாளி, காலிக் கூண்டுகளோடு திரும்பிப் போனார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அத்தனை கோழிகளும் பிழைத்துவிட்டனவே! சனிக்கிழமைதோறும் வந்து அவற்றை எண்ணிப் பார்ப்பேன்.

எண்ணுவது வாரத்துக்கு வாரம் சுலபமாயிற்று, ஏனென்றால் அவை நகரவில்லை. விற்கும் வயது தாண்டியும் தின்று பெருத்து, சொந்த எடையைக் கால்கள் தாங்காமல், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. சோம்பேறிகள் என்று நினைத்தேன். குவிந்த எச்சத்தைச் சித்தப்பா காலையும் மாலையும் குழாய்த் தண்ணீரால் அடித்து ஓடைக்குள் தள்ளினார். மழையில்லாத மாதம் வேறு. ஓடை கணுக்கால் அளவுக்கு வற்றிக் கறுத்துக் கிடந்தது.

“சாமிக்கு வேண்டிக்கிட்டு, கோழிய உட்கார வச்சே கொல்றீங்க. வித்துத் தொலைங்கலா,” என்றார் சித்தி.

“என் கையால ஒரு உயிரு போகக்கூடாது,” என்றார் சித்தப்பா. காவி வேட்டியில் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இறால்களைக் கண்ட அந்தக் காலையில் நான் போட்ட சத்தத்தில் அவரும் கரைக்கு வந்தார். நான் அள்ளிப்போட்ட இறால்கள் துள்ளும் வாளியைப் பார்த்து, முருகன் கொடுக்கிறார், ஆனால் நாம் விரதம், கீழே இருக்கும் மக்சிக்கிடம் கொடுத்துவிட்டு வா என்றார். மக்சிக் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த மலாய்க்கார அம்மா, ஓடை கடலில் சேரும் இடத்தில் வலை கட்டி, கிடைத்த இறாலைப் பாசாரில் விற்றுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அவருக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தபடி, வாளி முழங்காலில் இடிக்க இடிக்க ஓடினேன்.

அவர் வாளிக்குள் கைவிட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். தானாக வந்தனவா என்று கேட்டார். ஆமாம், ஓடை முழுக்க இப்படித்தான், இனி நீங்கள் வலையே கட்ட வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தண்ணீரில் இறங்கி, கட்டியிருந்த வலையை அவிழ்த்துச் சுருட்டினார். என் பேச்சை ஒரு பெரியவர் அவ்வளவு உடனே கேட்டது அதுதான் முதல் தடவை.

மூச்சுத் திணறித்தான் இறால்கள் மேலே வரும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. அன்று எனக்கிருந்த உற்சாகத்தில், நாளைக்கும் ஒரு வாளி கொண்டு வருகிறேன் என்றேன்.

“நாளைக்கு இருக்காது, தம்பி,” என்றார் மலாயில்.

பாவம், அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஓடையில் இன்னும் எவ்வளவு இருந்தன என்பதை நான் அல்லவா பார்த்துவிட்டு வந்திருந்தேன்.