வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பூங்கா

தாராபுரத்துக்குள் நுழையும் பேருந்து அந்தப் பழைய பூங்காவை ஒட்டித் திரும்பும் இடத்தில் வேகம் குறைக்கும். அந்தச் சில நொடிகளுக்காகவே என் மனைவி எப்போதும் இடப்பக்கத்துச் சன்னலோரம் உட்காருவாள். கருங்கல் வாயில், உள்ளே இரண்டு வரிசை வாகை மரங்கள், அவற்றின் முடிவில் எண்கோண வடிவில் ஒரு சிறிய வானொலி அறை. அவ்வளவுதான் கண்ணில் படும். அதற்குள் பேருந்து திரும்பிவிடும். "அடுத்த தடவை எறங்கிப் பாத்துப்போட்டுப் போலாமுங்க" என்பாள். "போலாம்" என்பேன். எங்கள் வீடு பல்லடத்தில். அவள் பிறந்த ஊர் தாராபுரத்துக்கு அப்பால். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த வழியே போய் வந்தோம். ஒருமுறைகூட இறங்கவில்லை.

பூங்கா வெள்ளைக்காரர் காலத்தது. வீடுகளில் வானொலி இல்லாத நாட்களில் நகராட்சி அங்கே ஒலிபெருக்கி வைத்து மாலைச் செய்தியை ஊருக்குக் கேட்கச் செய்தது. நிலக்கடலை விற்கச் சந்தைக்கு வரும் என் மாமனார், வண்டி கட்டுவதற்கு முன் அந்த அறைக்கு நேரெதிரே இருந்த கல் இருக்கையில் அமர்ந்து செய்தி கேட்டுவிட்டே திரும்புவாராம். கேட்டதை வீட்டில் மகளிடம் ஒப்பிப்பார். அவளை அங்கே அழைத்துப்போனதில்லை. பெண்பிள்ளைகள் போகும் இடமாக அதை யாரும் அன்று கருதவில்லை. "எங்கய்யன் உக்காந்த எடத்துல ஒருக்கா உக்காந்து பாக்கோணுமுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க" என்று ஒருமுறை சொன்னாள். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்திக்கு இது விசித்திரமான ஆசை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

நான் நெசவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் பெற்றவன். சில ஆண்டுகள் கற்பித்தேன். பிறகு திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவுக்குத் தலைமை வகித்தேன். அந்தப் பிரிவின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பொய்த் தேதிகளைக் கட்டி மேய்ப்பது. சரக்கு இருபதாம் தேதி கப்பலேற வேண்டும் என்றால் தையல் பிரிவிடம் பதினான்கு என்போம். அவர்கள் சாயப்பட்டறையிடம் எட்டு என்பார்கள். சாயப்பட்டறைக்காரர் இதையெல்லாம் அறிந்தவர். எட்டு என்று காதில் விழுந்ததை மனத்துக்குள் பதினொன்றாகத் திருத்திக்கொள்வார். இதற்கு எங்களிடையே 'பஃபர்' என்று பெயர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சொல்லப்படும் தேதி வேறு, உண்மையான தேதி வேறு என்பதை அறிந்தவனே எங்கள் ஊரில் தொழில் தெரிந்தவன்.

என் மனைவிக்கு அந்த மொழி கடைசிவரை பழகவில்லை. அவள் பள்ளியில் ஒன்பது மணிக்கு மணி அடித்தால் ஒன்பதுதான். ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று நான் தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் சிரிப்பு கேட்கும். "ஏனுங்க, ஊட்டு ஏழுங்களா, கம்பெனி ஏழுங்களா? தோசை ஊத்தறதுக்குத் தெரியோணுமில்லீங்க." இந்தக் கேள்வியை அவள் ஆயிரம் முறை கேட்டிருப்பாள். நானும் சளைக்காமல் கம்பெனி ஏழு என்று ஒப்புக்கொள்வேன்.

சென்ற ஆண்டு அவளுக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. இதய வால்வில் பழுது என்றார்கள். கோவையில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தோம். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் சொன்னாள்: "இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள தாராபுரம் பூங்காவுக்குப் போயிட்டு வந்தரலாமுங்க."

அந்தச் சொற்றொடரை நான் ஒரு திட்டமிடுபவனின் காதால் கேட்டேன். சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருக்கிறது. என்னை நகர்த்துவதற்காக வெள்ளி என்கிறாள். அடுத்த புதன்வரை தாராளமாக இடம் உண்டு. ஓய்வுபெற்ற பின்னும் ஆலோசகனாக அந்த நிறுவனத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வெள்ளியன்று அங்கே ஒரு சரக்கின் இறுதித் தரச்சோதனை. அன்றே முடித்தாக வேண்டிய கட்டாயம் அந்தச் சோதனைக்கு இருக்கவில்லை. அந்தத் தேதியைப் பத்து நாள் முன்தள்ளி வைத்தவனே நான்தான். ஆயினும், "அடுத்த புதன்கிழமை போலாம், கார் சொல்லிடறேன்" என்றேன். "சரிங்க" என்றாள். ஊட்டுப் புதனா, கம்பெனிப் புதனா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடியலில் மூச்சுத் திணறல் கடுமையானது. திங்கள் பகலில் மருத்துவமனையில் இறந்தாள். செவ்வாயன்று தகனம் முடிந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் சொல்லிவைத்திருந்த கார் வாசலில் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்தேன். ஓட்டுநர் பந்தலையும் கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகளையும் பார்த்தார். இறங்கி வந்து, துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆருங்க சாமி?" என்று கேட்டார். சொன்னேன். வாடகையைக் கையில் வைத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அந்த வாரத்தில் சொன்ன நேரத்துக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். அவளுக்கும் சொல்ல விருப்பமில்லை என்பது தெரிந்தது. "அம்மா தினமும் நம்ம ஊட்டச் சுத்தி நடந்து பாத்திருக்காங்கப்பா. நிக்காம எத்தனை சுத்து நடக்க முடியுதுன்னு. மொதல்ல ஆறு, அப்புறம் அஞ்சு. வெள்ளிக்கிழமைக்கு மூணு இருக்கும், அது போதும், அதுக்கு மேல தள்ளுனா உள்ள நடக்க முடியாதுன்னு எங்கிட்டப் போன்ல சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லுங்கம்மான்னேன். 'தேதிதான் சொல்லீட்டனே கண்ணு'ன்னாங்க."

ஐந்து மாதம் கழித்து, ஒரு மாலை, நான் தனியே பேருந்தில் ஏறினேன். கூட்டம் நிறைந்த தனியார் பேருந்து. முன்பாதியில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துநரிடம் பூங்கா வாசலில் இறங்க வேண்டும் என்றேன். "அங்க ஸ்டாப்பே இல்லீங்களே. என்னிக்கும் நின்னதில்லீங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கித் திருப்பி நடக்கோணும்" என்றார். பயணச்சீட்டைக் கிழித்துக்கொண்டே, "பார்க்குக்குத் தனியாவா சாமி போவாங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலியில் கள்ளம் இல்லை. நானும் புன்னகை செய்தேன் என்றே நினைக்கிறேன்.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தேன். வாயிலில் இருந்து கல் இருக்கைவரை, அவள் நடையின் அளவில் காலடிகளை எண்ணிக்கொண்டு போனேன். நூற்று எழுபது. எங்கள் வீட்டைச் சுற்றினால் அறுபது வரும். மூன்று சுற்றுக்குப் பத்து குறைவு. உட்கார்ந்து இளைப்பாறியிருந்தால் திரும்பியும் நடந்திருப்பாள். பேருந்துச் சன்னலிலிருந்து கண்ணால் அளந்தே அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறாள். வானொலி அறை பூட்டிக் கிடந்தது. ஒலிபெருக்கி இருந்த இடத்தில் துருப்பிடித்த இரும்பு வளையம் மட்டும் இருந்தது. கல் இருக்கையின் ஒரு மூலை உடைந்திருந்தது. உட்கார்ந்தேன். இரண்டு பேர் தாராளமாக அமரலாம்.

நான் உள்ளே வரும்போதே காவலாளி ஆறு மணிக்குப் பூட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஆறு மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எழுந்தேன். வாயிலருகே ஸ்டூலில் இருந்த அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"அதுக்குள்ள கெளம்பீட்டீங்களா? உக்காருங்க சாமி. ஆறரை ஆகுமுங்க."

"ஆறுன்னு சொன்னீங்களே."

"ஆறுன்னு சொன்னாத்தானுங்க சனம் ஆறரைக்காவது எந்திரிக்குது" என்று சிரித்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்றேன். அவர் மீண்டும் உள்ளே கை காட்டினார். நான் போகவில்லை. ஆறு மணிக்கு வெளியே வந்து, சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குழந்தைகள் மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தார்கள், வயதான ஒரு தம்பதியர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்கள். அவர் சொன்னபடியே பூட்டு ஆறரைக்குத்தான் விழுந்தது. அதுவரை அந்த வாயில் திறந்தே இருந்தது.