நடுவர் நாச்சிமுத்துவின் கண்

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் பொங்கல் கபடி என்றால் நடுவர் நாச்சிமுத்துதான். வெங்காயம் போடும் சம்சாரி. ஆனால் கழுத்தில் விசில் ஏறிவிட்டால் கலெக்டர் தோரணை வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த மனிதருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. முதலில் சுண்ணாம்புக் கோடு மங்கியது, பிறகு ஆட்டக்காரர்களே மங்கினார்கள். விஷயம் மனைவி அய்யம்மாளுக்கு மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் விசிலைப் பிடுங்கிவிடுவார்களே! அவர் சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவார், விசில் இல்லாமல் இருக்கமாட்டார்.

பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொன்னார்? காதால்தான். வடக்கே கூச்சல் பெரிதாக இருந்தால் அவர்களுக்குப் புள்ளி, தெற்கே பெரிதாக இருந்தால் இவர்களுக்கு. குழப்பமாக இருந்தால் மாற்றி மாற்றிக் கொடுத்துவிடுவார். கொடுமையைக் கேளுங்கள், எந்த ஊருக்கும் சாயாத நடுவர் என்று அவர் பெயர் ஒட்டன்சத்திரம் வரை பரவிவிட்டது.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே மிரண்டு ஓடிவந்த கன்றுக்குட்டி ஒன்று கோட்டைத் தாண்டியது. "அவுட்!" என்று விசில் ஊதினார் நாச்சிமுத்து. நடுவருக்கு என்ன குசும்பு என்று ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அய்யம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"திண்டுக்கல்லுல கண் முகாம் போடுறாகளாம். வாறீகளா, இல்ல மைக்கப் புடிச்சு ஊருக்கே சொல்லவா?"

சம்பந்தி வீட்டு விசேஷம் என்று ஊரை ஏமாற்றிவிட்டு, முகாம் பஸ்ஸிலேயே மதுரை ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குப் போனார். ஆடியில் ஒரு கண், ஐப்பசியில் மறு கண். திரும்பி வந்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. வெங்காயத் தோலின் நரம்பை எண்ணினார். மனைவியின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒன் மூக்குத்தில செவப்புக் கல்லா இருக்கு?"

"வாங்கிக் குடுத்ததே நீங்கதான்."

பொங்கல் வந்தது. இறுதி ஆட்டத்தில் கடைசியாகப் பாடிப் போனவன் சொந்த ஊர்க்காரன், மருமகன் முறையான இளஞ்செழியன். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் கால் பெருவிரல் பக்கக் கோட்டுக்கு வெளியே பட்டது. தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. நாச்சிமுத்து ஆசைதீர ஊதினார். சொந்த ஊர் தோற்றது.

"கண்ணு அவிஞ்சு போச்சா மாமா?" என்று பாய்ந்தான் இளஞ்செழியன்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார்.

"ஏலே, இம்புட்டு வருசமா அவிஞ்ச கண்ணோடதான்டா ஊதுனேன்! இன்னைக்குத்தான்டா பாத்து ஊதுறேன்!"

கிளம்பியது பாருங்கள் மைதானத்தில் ரகளை! போன வருடக் கோப்பை எங்களுடையது என்று ஒரு கூட்டம், அதற்கு முந்தையது எங்களுடையது என்று இன்னொரு கூட்டம். விழாக் கமிட்டித் தலைவர் சடையாண்டி வந்து நாச்சிமுத்துவின் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, ஒரு வாத்தியார் கையில் கொடுத்தார்.

நாச்சிமுத்து தொங்கிய முகத்தோடு அய்யம்மாள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். மனிதர் அழுதுவிடுவார் என்று அவள் முந்தானையைத் தயாராக எடுத்தாள். தள்ளிப்போட்டிருந்த மூன்றாம் பரிசுக்கான ஆட்டம் தொடங்கியது. அவர் கழுத்து நீண்டது. முழங்காலில் எழுந்தார். பிறகு துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்.

"யோவ் வாத்தியாரே, அது அவுட்டுய்யா! கண்ணு தெரியலையா ஒமக்கு?"